உரிவது பெயிண்ட் அல்ல: பழைய கெட்டில் கிரில்லைப் புதுப்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இராயக்கோட்டையிலிருந்து ஓர் இளைஞர், கரியில் சுடும் பழைய கெட்டில் கிரில் (கிண்ணமும் மூடியுமாக உருண்டையாக இருக்கும் அடுப்பு) ஒன்றின் மூடியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓசூரில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். பெங்களூரில் வீடு காலி செய்த குடும்பம் ஒன்றிடமிருந்து வாங்கியதாம். மூடியின் உட்புறத்தைக் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் மாட்டிப் பாதிவரை தேய்த்திருந்தார். தேய்த்த இடமெல்லாம் வெறும் தகடு தெரிந்தது. உள்ளே உரிவது பெயிண்ட் என்ற இதே எண்ணத்தில்தான் என் முதல் கிரில்லை நானும் கெடுத்தேன் என்பதால், அதைக் கண்டதும் மனம் வருந்தியது. கையுறை அணிவது, கால்களை இறுக்கிச் செருகுவது போன்றவற்றை எவரும் தாமே கற்றுக்கொள்வர். அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

மூடிக்குள் உரிவதைச் சுரண்டி எடுத்துப் புதுப் பூச்சு அடிப்பது

இந்த அடுப்பின் வடிவம் 1952இல் அமெரிக்காவில் பிறந்தது. சிகாகோ பகுதியில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை செய்த ஜார்ஜ் ஸ்டீபன், அங்கே செய்யப்பட்டு வந்த மிதவைக் கோளத்தை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாதியைக் கிண்ணமாகவும் மேற்பாதியை மூடியாகவும் ஆக்கினார். இன்று நம் கைக்கு வரும் பழைய வெபர் கெட்டில்களின் மேல் இருப்பது பெயிண்ட் அன்று, எனாமல். கண்ணாடித் தூளை எஃகுத் தகட்டின் மேல் படியவிட்டு, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி, தகட்டோடு ஒன்றாகப் பிணைத்த பூச்சு அது. நம் வீடுகளில் முன்பு இருந்த நீல விளிம்பிட்ட வெள்ளை எனாமல் தட்டுகளும் இந்த முறையில் செய்யப்பட்டவையே. அடிபட்டால் அது சில்லாகத் தெறிக்குமே தவிர, ஏடு ஏடாக உரியாது.

அப்படியானால் மூடிக்குள் கருப்பாக உரிந்து தொங்குவது என்ன? கொழுப்பும் புகையும் பல ஆண்டுகளாகப் படிந்து, சூட்டில் கரியாகிப்போன படலம் அது. ஓர் ஏட்டை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். பொடியாகி விரலைக் கருப்பாக்கினால் அது கரிப்படலம். எனாமல் சில்லாக இருந்தால் பொடியாகாது, விளிம்பு கையைக் கிழிக்கும், அது பெயர்ந்த இடத்தில் தகடோ துருவோ தெரியும்.

இந்தச் சோதனையை நான் அன்று செய்யவில்லை. நல்ல சிவப்பு நிறக் கிண்ணமும் மூடியும் கிடைத்திருந்தும், உள்ளே உரிவதைக் கண்டு, பெயிண்ட் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். ஓசூரில் சாண்ட் பிளாஸ்டிங் (மணலைப் பீய்ச்சிப் பழைய பூச்சை அகற்றுவது) செய்பவர்களுக்கும் பவுடர் கோட்டிங் அடிப்பவர்களுக்கும் பஞ்சமில்லை என்பதால், இரண்டையும் கொடுத்துவிட்டு மறுநாளே வாங்கி வந்தேன். பார்ப்பதற்குப் புதிதுபோல் மின்னியது. கிருஷ்ணகிரி அணை மீனை வாங்கி வந்து, புளிய மரக் கரியைப் போட்டு மூட்டியபோது, அரை மணி நேரத்திற்குள் பூச்சு பழுப்பாகிக் கொப்பளித்து, தாங்க முடியாத நெடி எழுந்தது. மீன் முழுவதையும் குப்பையில் கொட்ட வேண்டியதாயிற்று. சாதாரண பவுடர் கோட்டிங் 200 டிகிரி அளவில் உருகி இறுகும் பிளாஸ்டிக் வகை. கனன்று கிடக்கும் கரியின் சூடு அதைப்போல் பல மடங்கு. போன எனாமலை மீட்கவும் வழியில்லை. ஒற்றைக் கிண்ணத்துக்காக எனாமல் சூளையை ஏற்ற எவரும் முன்வரவில்லை. அந்தச் சிவப்பு இனி வராது என்பது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. தேவைப்பட்டது ஒரு பிளாஸ்டிக் சுரண்டியும் ஒரு மணி நேரமும் மட்டுமே.

உதிர்வதைச் சுரண்டி எடுங்கள். பின்பு சலவை சோடா கரைத்த வெந்நீரில் துணியை நனைத்து, சிறிது நேரம் ஒட்டவைத்துவிட்டு, கசக்கிய அலுமினியத் தாளால் தேயுங்கள். அடியில் பளபளப்பான கருப்பு தெரியும்போது நிறுத்திவிடுங்கள். உட்புறம் சில்லு தெறித்த இடத்தில் எதையும் பூச வேண்டாம். தோசைக்கல்லைப் பழக்குவதுபோல் எண்ணெய் தடவிச் சூடாக்கிவந்தால் போதும்.

காஸ்டிக் சோடாவில் எல்லாவற்றையும் ஊறப்போடுவது

பழைய கெட்டில்களின் கால்களும், காற்றுத் துளைகளைத் திறந்து மூடும் காற்றுத் தட்டுகளும் சாம்பல் தட்டும் பெரும்பாலும் அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும். கரையும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். இரவு முழுக்க ஊறிய காற்றுத் தட்டு ஒன்று காலையில் சல்லடைபோல் ஆகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். காற்றுத் தட்டுதான் தீயின் கடிவாளம்; அது சரியாக மூடாவிட்டால் மூடி இருந்தும் பயனில்லை.

கழிப்பறை ஆசிட்

எனாமலின் பளபளப்பைத் தின்றுவிடும். வேண்டாம்.

கரித்தட்டுக்கு ஜிஐ (துத்தநாக முலாம் பூசிய) வலை வெட்டிப் போடுவது

விலை குறைவு என்று கோழிக்கூண்டு வலையை வாங்குகிறார்கள். துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகும். கரியின் சூட்டில் அதன் புகை உணவோடும் மூச்சோடும் சேரும். எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கம்பியிலோ, முலாம் பூசாத எம்எஸ் (சாதாரண எஃகு) கம்பியிலோ பற்றவைத்து வாங்குங்கள்.

மரக் கைப்பிடியை நீரில் ஊறவைப்பது

வெடிக்கும். உப்புத்தாளால் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள்; வெடித்துப்போனதற்கு மாற்றாகத் தேக்கில் கடைந்து போடலாம்.

சூடான மூடியின் மேல் நீர் ஊற்றுவது

எனாமல் கண்ணாடி என்பதை இங்கேயும் மறந்துவிடுகிறார்கள். திடீரென்று குளிர்ந்தால் அது விரிசல் விடும். தீயை அணைக்க மேல் கீழ் இரு காற்றுத் தட்டுகளையும் மூடினால் போதும், மிஞ்சும் கரியும் அடுத்த முறைக்கு உதவும். ஓசூரில் மாலை மழை சொல்லாமல் வருவதால், நான் கிரில்லைத் தகரக் கூரைக்கு வெளியே மூட்டுவதில்லை; கூரையோரம் திறந்த பக்கமாக வைத்தால் புகையும் தங்காது. சாம்பல் ஆறியதும் அன்றே கொட்டிவிடுகிறேன். ஈரம் பட்ட சாம்பல் காரமாகி அலுமினியத் தட்டில் புள்ளி புள்ளியாக ஓட்டை போடும். அந்த இளைஞர் மூடியோடு கொண்டுவந்த சாம்பல் தட்டில் அப்படிப் பதினொன்று இருந்தன.