ஊட்டி பூங்காவில் பூக்களை நிதானமாகப் பார்க்க

மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூக்களைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். பூ பார்க்க வேண்டுமென்றால் வார நாளில், காலையில் கேட் திறந்ததுமே போய்விடுங்கள். பாத்திகளில் ஈரம் காய்ந்திருக்காது, படத்துக்கும் அந்த வெளிச்சம்தான் நல்லது.

கூட்டம் கீழ்ப் புல்வெளியிலேயே செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்கும். நீங்கள் முதலில் மேலே ஏறிவிட்டு, கீழ்ப் பாத்திகளை இறங்கும்போது பாருங்கள். 1848-ல் தொடங்கிய தோட்டம். மலைச்சரிவில் அடுக்கடுக்காக இருப்பதால் கொஞ்சம் மூச்சு வாங்கும். சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய கல்மரத்தை, அதாவது கல்லாகவே மாறிப்போன மரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், குழந்தைகள் வாய்பிளந்து நிற்பார்கள்.

அப்புறம், சொந்த வண்டியில் போகிறவர்கள் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, அதனால் ஸ்டீல் பாட்டில்தான்.