வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக் கிணற்றைச் சுத்தம் செய்வது எப்படி?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி, நெல்லை ஜங்ஷன் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தெருக்களில் ஏறியது. இப்படியொரு வெள்ளம் வடிந்ததும் பட்டாசலையும் அடுப்படியையும் கழுவ எவருக்கும் சொல்லித்தர வேண்டாம். கிணற்று விஷயம் அப்படியில்லை. வாறுகால் தண்ணீரும் கக்கூஸ் தொட்டித் தண்ணீரும் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும்.

கைப்பிடிச் சுவரைத் தொடுவதற்கு முன் டார்ச் அடித்துக் கல் இடுக்குகளைப் பாருங்கள். வெள்ளத்துக்குத் தப்பிய பாம்புகள் அங்கேதான் ஒண்டியிருக்கும். மிதக்கும் ஓலை, பிளாஸ்டிக், செத்த எலி எல்லாவற்றையும் வலைக்கரண்டியால் அள்ளிவிடுங்கள். மூழ்கிய மோனோபிளாக் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கவே வேண்டாம். கழற்றி வைண்டிங் கடையில் கொடுத்து, காயவைத்து, மெகர் (கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்த பிறகு மாட்டலாம். கெப்பாசிட்டரைப் புதிதாகப் போடுவதே நல்லது.

உடனே இறைக்காதீர்கள்

எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். கலங்கிய தண்ணீரைப் பார்த்ததும் வாடகைக்கு ஆயில் இன்ஜின் எடுத்து அடிவரை இறைத்துவிடத் தோன்றும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றைச் சுற்றிலும் மண் ஊறி, கனத்துப்போய் நிற்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் உறையை, அதாவது கிணற்றின் சுற்று வளையத்தை, எதிர்ப்பக்கமிருந்து தாங்குகிறது. அதை ஒரே மூச்சில் எடுத்தால் ஈரமண்ணின் பாரம் முழுவதும் உறைமேல் சாயும். இன்னொன்று, வெளியே நிற்கும் நீர் உறை இணைப்புகள் வழியாக வேகமாகப் பாயும்போது பொடிமணலையும் இழுத்து வரும். உறைக்குப் பின்னால் பள்ளம் விழும். அன்றைக்குத் தெரியாது, சில நாளில் உறை சாயும், அல்லது மோட்டார் மேடை இறங்கும்.

அதனால் கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்தை அளந்து, தினமும் சுவரில் கரிக்கோடு போடுங்கள். மட்டம் தானாக இறங்கி, வழக்கமாக மார்கழியில் நிற்கும் அளவுக்கு வரட்டும். பிறகு ஒரு அடி இறைத்து, நிறுத்தி, ஊற்று எப்படி வருகிறது என்று பாருங்கள். தெளிவாகக் கசிந்தால் அடுத்த அடி. மணலோடு செம்மண் குழம்பாக வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். பழைய செங்கல் கிணறு என்றால் இன்னும் பொறுமை வேண்டும். இறைக்கச் சகதி மோட்டார்தான் என் தேர்வு. சாதாரண மோட்டாரின் இம்பெல்லர் வண்டலில் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

ஆயில் இன்ஜினை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் ஆக்சிஜன் குறைவை மட்டும்தான் காட்டும். கார்பன் மோனாக்சைடு இருக்கும்போதும் சுடர் நன்றாகவே எரியும். தூர்வார இறங்குபவர் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும், மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது, கயிற்றைத்தான் இழுக்க வேண்டும்.

வண்டலை அள்ளியதும் உட்சுவரைத் தேங்காய்நார் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். நைலான் பிரஷ் பாசியை வழுக்கிக்கொண்டுதான் போகிறது.

பிளீச்சிங் பவுடர் கணக்கு

தண்ணீர் ஊறித் தெளிந்த பிறகே மருந்து. மண் கலந்த தண்ணீரில் போட்டால் குளோரினை மண்ணே தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது.

கிணற்றின் குறுக்களவை அடிக்கணக்கில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் (அடிக்கணக்கில்) 22ஆலும் பெருக்கினால் லிட்டர் கணக்கு வந்துவிடும். 6 அடிக் கிணற்றில் 10 அடித் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட 8,000 லிட்டர்.

வெள்ளத்துக்குப் பிந்தைய முதல் மருந்து 1,000 லிட்டருக்கு 200 கிராம். இந்தக் கிணற்றுக்கு 1.6 கிலோ. பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருப்பதாக வைத்த கணக்கு இது. புதிய பாக்கெட்டில் 33 வரை இருக்கும்; திறந்துபோட்டுக் கட்டிதட்டிய பழைய பவுடரில் ஒன்றுமே இருக்காது. சும்மா கொடுக்கிறார்களே என்று அதை வாங்காதீர்கள்.

அப்படியே தூவக் கூடாது. ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போகாமல், முதலில் தோசைமாவு பதத்துக்குக் குழைத்து, வாளி நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அதைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் இன்னும் கடினமாகும். மேல்தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் இறக்கி, நீருக்குள் மேலும் கீழும் அலசுங்கள். கையுறையும் மூக்குக்குத் துணியும் அவசியம். கக்கூஸ் கழுவும் ஆசிட் இருந்த வாளியை இதற்கு எடுக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

ஒரு நாள் முழுக்க விட்டு, வாடை குறையும் வரை இறைத்துக் கொட்டுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ விட்டால் மீன் சாகும். அதன்பின் வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், அதாவது இந்தக் கிணற்றுக்கு 20 கிராம். மருந்து போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் புழங்க வேண்டும். தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் லிட்டருக்கு 0.5 மி.கி. காட்டினால் போதும். பரிசோதனை முடிவு வரும்வரை குடிப்பதற்குக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும்.

பின்சேர்க்கை

சம்ப் தொட்டிக்கும் இதே முறையா என்று கேட்கிறார்கள். தொட்டிக்கு 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் வசதி, 1,000 லிட்டருக்கு ஒரு லிட்டர். சுற்றுமண் ஊறியிருக்கையில் தொட்டியைக் காலி செய்தால் அடியிலிருந்து நீர் தூக்கும். ஃபைபர் தொட்டி கிளம்பியே விடும். அங்கும் காத்திருக்கத்தான் வேண்டும்.

அதுவரை புழங்குவதற்கு, 200 லிட்டர் டிரம்மில் பிடித்த கலங்கல் தண்ணீருக்கு 5 முதல் 8 கிராம் சீனிக்காரம் (படிகாரம்) கரைத்து இரண்டு மணி நேரம் விடலாம். தேத்தாங்கொட்டை உரைப்பதும் தெளியவைக்கும், ஆனால் இரண்டும் கிருமியைக் கொல்லாது.

பரிசோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். மருந்து வாடை அடங்கிய பிறகு எடுங்கள். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை அவர்களிடமே வாங்கி, நிரப்பிய அன்றைக்கே, காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.