எச்.ஐ.வி. சுயபரிசோதனை: கிட்டைப் பிரிக்கும் முன்பும் பின்பும்

எச்.ஐ.வி. சுயபரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. ஆணுறை இல்லாமல் பலருடன் உறவு கொள்பவர்கள், பாலியல் தொழிலில் இருப்பவர்கள், ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவரின் இணையர் போன்றோர் மருத்துவமனை வரிசையில் நிற்காமலே முதல்கட்டமாகச் சோதித்துக்கொள்ள இது உதவும். கிட்டைக் கையாள்வது எளிது. பெரும்பாலும் பிசகுவது நேரக் கணக்குதான்.

நாளை எண்ணுங்கள்

இந்தக் கிட்கள் வைரஸைத் தேடுவதில்லை; உடல் அதற்கு எதிராக உருவாக்கும் ஆன்டிபாடியைத்தான் தேடுகின்றன. அது போதிய அளவு உருவாகச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். இதுவே விண்டோ பீரியட். போன வாரம் நடந்ததற்கு இன்று சோதித்து நெகட்டிவ் வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

ஆபத்தான தொடர்பு நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லையா? கிட்டை வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். பெப் என்னும் 28 நாள் தடுப்பு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு வந்தாலும் சுயபரிசோதனை போதாது. ஆய்வக ரத்தப் பரிசோதனை தேவை.

ஏற்கெனவே ஏ.ஆர்.டி. என்னும் எச்.ஐ.வி. சிகிச்சை மருந்து எடுப்பவர்களுக்கு இந்தக் கிட் பொருந்தாது. பொய்யான நெகட்டிவ் காட்டலாம். தொற்று வராமல் முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தயாராகுங்கள்

காலாவதித் தேதியையும் உறை கிழியாமல் இருப்பதையும் பாருங்கள். நல்ல வெளிச்சம், சமமான மேசை, செல்போன் டைமர் போதும். குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்தால் அறை வெப்பநிலைக்கு வரட்டும்.

மாதிரி எடுங்கள்

வாய்வழிக் கிட்: 30 நிமிடம் முன்பிருந்தே சாப்பிடாதீர்கள், குடிக்காதீர்கள், பல் துலக்காதீர்கள். திரவக் குழாயைத் திறந்து தாங்கியில் நிறுத்திய பிறகே சோதனைக் குச்சியைப் பிரியுங்கள். அதன் பஞ்சு முனையில் விரல் படக் கூடாது. மேல் ஈறு முழுக்க ஒரு தடவை, கீழ் ஈறு முழுக்க ஒரு தடவை தடவுங்கள். கன்னமோ நாக்கோ வேண்டாம். பிறகு குச்சியைக் குழாயின் அடிவரை இறக்குங்கள். (ஈற்றுத் திரவத்தில் ஆன்டிபாடி தெரிவதால் எச்சிலால் எச்.ஐ.வி. பரவும் என்று பொருளில்லை.)

விரல் ரத்தக் கிட்: வெதுவெதுப்பான நீரில் கை கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள், ஈர விரலில் ரத்தம் துளியாக நிற்காமல் வழிந்துவிடும். கையைச் சற்று நேரம் தொங்கவிடுங்கள். நடுவிரல் அல்லது மோதிர விரல் நுனியின் பக்கவாட்டில் லான்செட் என்னும் குத்தூசியை அழுத்திக் குத்துங்கள். ரத்தம் வராவிட்டால் விரலின் அடியிலிருந்து நுனி நோக்கி நீவுங்கள். நுனியைப் பிழிந்தால் திசு நீர் கலந்துவிடும். கையேடு சொன்ன அளவு ரத்தம் சேராததால்தான் பல சோதனைகள் செல்லாமல் போகின்றன.

காத்திருந்து படியுங்கள்

சில ரத்தக் கிட்கள் உடனே முடிவு சொல்லும், சிலவற்றுக்கு 15 நிமிடம். ஓராகுவிக் வாய்வழிக் கிட்டை 20-ஆவது நிமிடத்துக்குப் பிறகு, 40-க்குள் பார்க்க வேண்டும். உங்கள் கிட்டின் கையேடு சொல்வதே முடிவானது. முந்திப் பார்த்தால் கோடு வந்திருக்காது. பிந்தினால் வரும் கோட்டை நம்ப முடியாது.

கோடு காட்டும் கிட்டில் C என்பது கிட் சரியாக வேலை செய்ததைக் காட்டும் கோடு, T என்பது சோதனைக் கோடு. C மட்டும் இருந்தால் நெகட்டிவ். C, T இரண்டும் இருந்தால் ரியாக்டிவ், அதாவது ஆன்டிபாடி இருக்கலாம் என்ற அறிகுறி. T எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். C இல்லையென்றால் சோதனை செல்லாது, புதுக் கிட்டில் செய்யுங்கள்.

முடிவுக்குப் பிறகு

ரியாக்டிவ் என்பது நோய் உறுதி என்பதல்ல. இன்னொரு கிட் வாங்கிக் குழம்பாமல் மருத்துவமனையில் உறுதிப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை ஆணுறை அவசியம். ரத்த தானமும் ஊசியைப் பகிர்வதும் வேண்டாம். உறுதியானால் தாமதிக்காமல் ஏ.ஆர்.டி. தொடங்கலாம்.

நெகட்டிவ் வந்து, கடைசி ஆபத்துக்குப் பிறகு மூன்று மாதம் ஆகவில்லையென்றால் அது முடிந்ததும் மறுபடி சோதியுங்கள். ஆபத்து தொடர்பவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே, பிரெப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். எச்.ஐ.வி.க்கு மட்டுமான கிட் சிபிலிஸையோ ஹெபடைடிஸையோ காட்டாது.

பயன்படுத்திய லான்செட்டைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் மூடிப் போடுங்கள். இணையரோ முதலாளியோ கட்டாயப்படுத்தினால் சோதிக்க வேண்டியதில்லை. முடிவை யாரிடம் சொல்வது என்பதும் உங்கள் உரிமை.