குழந்தைக் கட்டில் வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

கட்டில் பார்க்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும், செதுக்கு வேலையையும், கூடவே தரும் தலையணை செட்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்துவிடுகிறார்கள். கட்டிலில் குழந்தைக்கு ஆபத்து பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது: தலையோ கழுத்தோ மாட்டிக்கொள்ளும் இடைவெளி, முகம் புதைந்துபோகும் மெத்தை, ஏறி விழ இடம் கொடுக்கும் தாழ்ந்த தடுப்பு. மூன்றையும் கண்ணால் பார்த்து மதிப்பிட முடியாது. பையில் ஒரு இஞ்ச் டேப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். ஆன்லைனில் வாங்குவதானால் கீழே உள்ள அளவுகளை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அந்தக் கட்டில் வேண்டாம்.

முதலில் கம்பிகள். மரமானாலும் இரும்பானாலும் பக்கவாட்டுக் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அமெரிக்க விதிப்படி அது 2⅜ அங்குலத்தை, அதாவது சுமார் 6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. ஐரோப்பியத் தரமான இஎன் 716-இல் 4.5 முதல் 6.5 செ.மீ. வரை. இரண்டுக்கும் பொதுவாக 4.5-லிருந்து 6 செ.மீ.க்குள் இருந்தால் கவலை இல்லை. காரணம் இதுதான்: சின்னக் குழந்தையின் இடுப்பும் மார்பும் ஒடுங்கிக் கொடுக்கும், தலை ஒடுங்காது. இடைவெளி அகலமாக இருந்தால் கால் முதலில் நுழையும், பின்னாலேயே உடம்பு வழுக்கி வெளியே வந்துவிடும், தலை மட்டும் உள்ளே சிக்கும். குழந்தை கழுத்தில் தொங்கும். சத்தம்கூடக் கேட்காது.

டேப் கையில் இல்லையென்றால் வழக்கமான தடிமனுள்ள குளிர்பான டின் ஒன்று போதும். அதன் விட்டம் ஏறக்குறைய 6.6 செ.மீ. அது கம்பிகளுக்கு நடுவே நுழைந்தால் கட்டில் சரியில்லை. ஒரு இடத்தில் மட்டும் அளந்துவிட்டு நிற்காதீர்கள். கம்பிகள் மேலும் கீழும் சட்டத்தில் பொருந்தியிருக்கும், நடுவில்தான் வளையும். அடுத்தடுத்த இரண்டு கம்பிகளை நடுப்பகுதியில் பிடித்து எதிரெதிர்ப் பக்கமாக விலக்கிப் பாருங்கள். ஒல்லியான கம்பியாக இருந்தால் கண்ணெதிரே அகலும். பிறகு ஒவ்வொரு கம்பியையும் கையால் திருகிப் பாருங்கள். சுழலும் கம்பி பசை விட்டுப்போன கம்பி. அது கழன்றுவிட்டால் இடைவெளி இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். கடைசிக் கம்பிக்கும் மூலைக் காலுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் அளக்க மறக்க வேண்டாம், பலர் தவறவிடும் இடம் அது.

தலைமாட்டுப் பலகையில் இதய வடிவம், நிலா வடிவம் என்று வெட்டி எடுத்த ஓட்டைகள் இருக்கும் கட்டிலை விட்டுவிடுங்கள். அழகுக்காக வெட்டியது, தலை நுழைந்து திரும்பினால் மாட்டிக்கொள்ளும். மூலைக் கால்கள் பலகைக்கு மேலே குமிழ்போல நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. நிற்கப் பழகிய குழந்தையின் சட்டைக் கழுத்தோ கயிறோ அதில் கொக்கியாக மாட்டும். அமெரிக்காவில் 1.5 மி.மீ.க்கு மேல் நீட்டலுக்கு இடமில்லை. மேலே விரிப்பு கட்ட உயரமான நான்கு தூண்கள் வைத்த வகைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பலகையில் கிடக்கும் சிறு ஓட்டைகளில் 7 முதல் 12 மி.மீ. வரை உள்ளவை விரலை மாட்டவைக்கும். போல்ட் போட விட்ட துளைகளுக்கு மூடி வந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

இறக்கி ஏற்றும் பக்கச் சட்டம் உள்ள பழைய மாடல் வேண்டவே வேண்டாம். ஒரு காலத்தில் அதுதான் வசதியானது என்று விற்றார்கள். பிளாஸ்டிக் கொக்கிகள் உடைந்தோ, சட்டத்தைத் தலைகீழாக மாட்டியதாலோ ஒரு மூலை கழன்று, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே குழந்தை சிக்கிய சம்பவங்கள் நடந்தன. அமெரிக்காவில் 2011 ஜூன் 28 முதல் அவற்றைச் செய்யவும் விற்கவும் தடை இருக்கிறது. குனிந்து எடுக்கச் சிரமமாக இருக்குமே என்பவர்கள் மெத்தைத் தட்டை மூன்று நிலைகளில் மாற்ற முடிகிற, நான்கு பக்கமும் நிலையான கட்டிலை வாங்குங்கள். முதல் மாதங்களில் தட்டு மேலே இருப்பதால் குனிய வேண்டியதில்லை.

உயரக் கணக்கு மெத்தையின் மேற்பரப்பிலிருந்து போடவேண்டியது, தட்டிலிருந்து அல்ல. தட்டு மிகத் தாழ்வாக இருக்கும்போது மெத்தையின் மேலிருந்து சட்டத்தின் உச்சி வரை குறைந்தது 50 செ.மீ. வேண்டும். மிக உயரத்தில் இருக்கும்போது 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இதனால்தான் மெத்தை தடிமனாக வாங்குவது தவறு: 15 செ.மீ. மெத்தை போட்டால், 10 செ.மீ. மெத்தைக்குக் கணக்கிட்டுச் செய்த தடுப்பில் 5 செ.மீ. காணாமல் போகிறது. நல்ல கட்டில்களில் மெத்தை எவ்வளவு உயரம் வரலாம் என்று உள்பக்கம் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டை மூடும் மெத்தையை வாங்காதீர்கள்.

மெத்தை

வாங்கப் போகிறவர்கள் மிக அதிகம் ஏமாறும் இடம் இது. பெரியவர்களுக்குச் சொகுசாக இருப்பது குழந்தைக்கு ஆபத்து. குப்புறத் திரும்பிய குழந்தையின் மூக்கும் வாயும் மென்மையான மெத்தையில் புதைந்தால், விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவரும். ஆக்ஸிஜன் குறைந்து கார்பன் டை ஆக்ஸைடு கூடும். தலையைத் தூக்கித் திருப்பும் பலம் அந்த வயதில் இல்லை. எனவே மெமரி ஃபோம், இலவம்பஞ்சு, தண்ணீர் மெத்தை இவை எதுவும் கூடாது. இலவம்பஞ்சு நாளாக ஆக நடுவில் குழியும், ஓரம் மேடாகும். கெட்டியான ஃபோம், ஸ்பிரிங், தென்னைநாரின் மேல் மெல்லிய ஃபோம் வைத்தது இவற்றில் எதுவும் சரி. உள்ளங்கையை மெத்தையின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் பலமாக அழுத்திக் கையை எடுங்கள். உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். கை வைத்த தடம் இரண்டு விநாடி நின்றாலே அந்த மெத்தையைத் தள்ளிவையுங்கள். ஓரம் நடுவைவிட மெத்தென்று இருந்தாலும் வேண்டாம், குழந்தை ஓரத்துக்குத்தான் உருண்டு போகும்.

கட்டிலும் மெத்தையும் பொருந்துவதும் இதே அளவு முக்கியம். மெத்தையை ஒரு மூலையில் ஒட்டித் தள்ளிவிட்டு எதிர்ப்பக்கத்துச் சந்தில் விரல்களை விடுங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய 3 செ.மீ.க்கு மேல் இடம் இருந்தால் மெத்தை சிறியது. குழந்தை உருண்டு அந்தச் சந்தில் முகம் திரும்பிச் சிக்கும். துணியை மடித்துத் திணித்துச் சந்தை அடைப்பது தீர்வல்ல. பெரும்பாலும் கிடைக்கும் உள்ளளவுகள் 60 × 120 செ.மீ., 70 × 140 செ.மீ. அமெரிக்க அளவு சுமார் 71 × 133 செ.மீ. மூன்றுக்கும் மெத்தைகள் வேறு. கட்டிலின் உள்ளளவை அளந்துவிட்டே மெத்தையைத் தனியாக வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

விரிப்பு நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்து, மெத்தைக்கு அடியில் நன்றாக உள்ளே போவதாக இருக்கட்டும். இங்கே ஒரு சின்ன விஷயம்: பருத்தி விரிப்பு இரண்டு மூன்று துவைப்பில் சுருங்கும். சுருங்கிய விரிப்பை இழுத்து மாட்டினால் மெல்லிய மெத்தையின் மூலைகள் மேலே வளைந்து எழும், நான்கு பக்கமும் சந்து திறக்கும். மாட்டியபின் மெத்தையின் ஓரத்தை மூலையில் கையால் தடவிப் பாருங்கள். தட்டிலிருந்து எழும்பியிருந்தால் அந்த விரிப்பு இனி வேண்டாம். ஈரம் தாங்கும் உறை மெல்லியதாக, இறுக்கமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பை, பெட்டியோடு வந்த பாலித்தீன் உறை எதையும் மெத்தையில் விட்டுவைக்கக் கூடாது. புது மெத்தையைப் பிரித்ததும் இரண்டு மூன்று நாள் காற்றோட்டமான இடத்தில் நிறுத்திவைத்தால் ஃபோம் வாசனை போகும்.

செட்டோடு வரும் பக்கவாட்டுப் பஞ்சணை, தலையணை, தடித்த போர்வை, பொம்மை எல்லாமே கட்டிலுக்கு வெளியேதான். பஞ்சணை இருந்தால் முட்டிக்கொள்ளாது என்று விற்பார்கள். ஆனால் முகம் அதில் அழுந்தினால் மூச்சுமுட்டும், கயிறு கழுத்தைச் சுற்றும், நிற்கத் தெரிந்த குழந்தைக்கு அதுவே படிக்கட்டு. அமெரிக்காவில் 2022 முதல் பஞ்சடைத்த பக்கவாட்டு அணைகளுக்கும் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூக்கப் படுக்கைகளுக்கும் தடை. குளிருக்குப் போர்வைக்குப் பதில் தூக்கப்பை உடையை, அதாவது பைபோல உடம்பை மூடி, தலையும் கையும் வெளியே இருக்கும் உடையைப் போடுங்கள். கழுத்தளவு சரியாக இருக்க வேண்டும், தலை உள்ளே நழுவக் கூடாது. ஒரு வயது வரை தலையணையே தேவையில்லை. படுக்கவைப்பது எப்போதும் மல்லாந்து.

செய்பொருளைப் பொறுத்தவரை பீச், பைன், ரப்பர் மரம் எல்லாமே போதுமானவை. ரப்பர் மரம் கனம், பைன் இலேசு, எளிதில் பள்ளம் விழும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஈரத்தில் ஊதும். தலைமாட்டுக்குப் பரவாயில்லை, போல்ட் பிடிக்க வேண்டிய இடத்தில் வேண்டாம். பற்கள் முளைக்கும் காலத்தில் குழந்தை மேல்சட்டத்தைக் கடிக்கும், எனவே பெயின்டைப் பாருங்கள். ஈயத்தின் உச்ச அளவு அமெரிக்காவில் பத்து லட்சத்தில் 90 பங்கு. ஐரோப்பாவில் பொம்மைப் பூச்சுகளுக்கு உள்ள தரம் இஎன் 71-3, அது எழுதியிருந்தால் நல்லது. மேல்சட்டத்தின் பிளாஸ்டிக் பாதுகாப்புப் பட்டையில் விரிசல் இருந்தால் கழற்றி எடுத்துவிடுங்கள், துண்டு வாயில் போகும்.

சக்கரம் உள்ள கட்டிலானால் நான்கு சக்கரங்களில் குறைந்தது இரண்டில் பிரேக் இருக்க வேண்டும், அல்லது இரண்டு சக்கரமும் இரண்டு காலும். பயணக் கட்டிலில் வலை ஓட்டை 6 மி.மீ.க்குச் சிறியதாக இருக்க வேண்டும். அதோடு தந்த மெல்லிய மெத்தைக்கு மேல் இன்னொன்று போடாதீர்கள். பெற்றோரின் படுக்கையோடு சேர்த்து மாட்டும் கட்டிலில் பட்டையை இறுக்கி, இரண்டு மெத்தைகளுக்கும் நடுவே சந்தே இல்லாமல் ஒட்டவைக்க வேண்டும். 2019-இல் திருத்திய ஐரோப்பியத் தரம் இஎன் 1130 அந்தப் பக்கத்திலும் 12 செ.மீ. தடுப்பு கேட்கிறது.

பொருத்தும்போது

சமதளத் தரையில் உட்கார்ந்து எல்லா போல்ட்டுகளையும் முதலில் பாதி அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். நான்கு மூலையும் நிமிர்ந்து நின்றபின் எதிரெதிர் மூலைகளாக முழுவதும் இறுக்குங்கள். ஒன்றை முதலிலேயே இறுக்கிவிட்டால் மற்றவற்றின் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வராது. பலம் கொடுத்துத் திருகினால் மரத்துக்குள் இருக்கும் மரைக்குழாய் பிடி விடும். மெத்தைத் தட்டின் நான்கு கொக்கிகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று தரையிலிருந்து டேப்பால் அளந்து பாருங்கள், கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும். பிறகு மேல்சட்டத்தைப் பிடித்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் உலுக்குங்கள். கிறீச்சிட்டால் எந்த மூலை என்று கேட்டு மீண்டும் இறுக்குங்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறையும் பிறகு மாதம் ஒருமுறையும் இதே சோதனை. ஈரப்பதம் மாறும்போது மரம் சுருங்கும், விரியும். போல்ட் தானாகவே தளரும். கட்டிலோடு வந்த அலன் சாவியை மெத்தைத் தட்டுக்கு அடியில் ஒட்டிவைத்தால் தேடவேண்டாம்.

கட்டிலை வைக்கும் இடம்: ஜன்னல், திரைச்சீலைக் கயிறு, விளக்கு ஒயர், ஹீட்டர் இவை கைக்கு எட்டக் கூடாது. அதன் மேலே சுவரில் கனமான படமோ அலமாரியோ வேண்டாம். சுவரோடு ஒட்டினால் சந்து இல்லாமல் ஒட்டவையுங்கள், இல்லாவிட்டால் நன்றாகத் தள்ளிவையுங்கள். முதல் ஆறு மாதமாவது கட்டில் பெற்றோர் அறையிலேயே இருப்பது நல்லது. கொசுவலை போட்டால் விறைப்பாக, கட்டிலுக்கு வெளிப்பக்கமாகத் தொங்க வேண்டும். உள்ளே தளர்ந்து விழும் வலை ஆபத்து.

பழைய கட்டில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது எல்லா போல்ட்டும் இருக்கிறதா என்பதை. ஒன்று குறைந்தாலும் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு ஸ்குரூவைப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. நான்கைந்து முறை கழற்றி மாட்டிய கட்டிலில் துளைகள் அகன்றிருக்கும். போல்ட் இறுகியதுபோலத் தெரியும், உலுக்கினால் ஆடும். கயிற்றால் கட்டிய, ஆணி அடித்த, பசை ஊற்றிய கட்டிலை எடுக்காதீர்கள். பத்து ஆண்டுக்கு மேற்பட்டதும் வேண்டாம்.

மெத்தைத் தட்டை எப்போது இறக்குவது? குழந்தை கையையும் முழங்காலையும் ஊன்றி எழும்பத் தொடங்கும் முன், ஏறக்குறைய ஐந்தாவது மாதத்தில் ஒரு நிலை கீழே. மேலே தொங்கும் பொம்மைச் சுழலியையும் அப்போதே கழற்றிவிடுங்கள். சட்டத்தைப் பிடித்து நிற்க முயலும் முன் கடைசி நிலைக்கு. நிற்பதைப் பார்த்தபின் இறக்கலாம் என்று காத்திருப்பதுதான் வழக்கமான தவறு, அது ஒரே இரவில் நடக்கும். குழந்தை நிற்கும்போது மேல்சட்டம் மார்புக்குக் கீழே வந்தாலோ, உயரம் 89 செ.மீ. ஆனாலோ, ஒருமுறை காலைத் தூக்கிப்போட்டு ஏற முயன்றாலோ கட்டில் காலம் முடிந்தது.

பிறகு சிறுவர் கட்டிலாக மாறும் வகை வாங்க நினைப்பவர்கள் 70 × 140 அளவையே பாருங்கள். 60 × 120 மாற்றிய கொஞ்ச நாளிலேயே நீளம் போதாமல் போகும். மாற்றுவதற்கான தடுப்பும் போல்ட்டுகளும் முதல் நாளே பெட்டியில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பிறகு தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்றால் அந்த மாடலே அப்போது தயாரிப்பில் இல்லாமல் போகலாம். மாற்றியபின் குழந்தை இரவில் தானாக இறங்கி அறையில் நடமாடும் என்பதால், அதே நாளில் அலமாரி, புத்தக அடுக்கு, டிவி ஸ்டாண்டு எல்லாவற்றையும் சுவரோடு பட்டை போட்டுத் திருகிவிடுங்கள்.