மஞ்சள் விலையை அரசுத் தரவில் நீங்களே பார்ப்பது எப்படி?

ஈரோட்டில் மஞ்சள் ஏலம் முடிந்ததும் வாட்ஸ்ஆப்பில் ஒரே ஓர் எண்தான் சுற்றிவரும்: அன்றைய உச்ச விலை. அதை நம்பி மூட்டைகளை வண்டியில் ஏற்றுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஒன்றிய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் சந்தைகளின் அன்றாட விலையை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

படி 1: தளத்தைத் தேடித் திறவுங்கள். பொருள் மஞ்சள், மாநிலம் தமிழ்நாடு, மாவட்டம் ஈரோடு என்று தேர்ந்தெடுத்து, சந்தையையும் தேதியையும் கொடுங்கள். ஒரு நாளோடு நிறுத்தாமல் ஒரு மாதத்துக்குக் கேளுங்கள்.

படி 2: அட்டவணையைப் படிப்பது. இங்கேதான் நிதானம் வேண்டும். குறைந்த விலை, அதிக விலை, மோடல் விலை என்று மூன்று இருக்கும். மோடல் என்பது அன்று வந்த சரக்கில் பெரும்பகுதிக்குப் படிந்த விலை. பேச்சுக்கு, 100 மூட்டை வந்ததில் 3 மூட்டை குவிண்டால் 15,000 ரூபாய்க்கும், 80 மூட்டை 12,500 ரூபாயை ஒட்டியும் போனதாக வைத்துக்கொள்வோம். வாட்ஸ்ஆப்பில் வருவது 15,000. உங்கள் கணக்குக்கு உதவுவது 12,500. விரல்போல் நீண்ட விரலி மஞ்சளா, உருண்டையான கிழங்கு மஞ்சளா என்பதையும் கவனியுங்கள். விரலி விலையை வைத்துக் கிழங்குக்குக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கும்.

விலையைவிட வரத்தை, அதாவது அன்று சந்தைக்கு வந்த சரக்கின் அளவைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நாலு மூட்டை வந்த நாளின் விலைக்கு என்ன மதிப்பு?

படி 3: மோடல் விலையையும் வரத்தையும் தேதிவாரியாக நோட்டிலோ எக்செல்லிலோ எழுதுங்கள். சந்தை விடுமுறை நாள் வெற்றாக இருக்கும். அங்கே பூஜ்யம் போட்டால் சராசரி கெட்டுவிடும், வெற்றாகவே விடுங்கள்.

படி 4: ஒப்பிடுங்கள். நேற்றைய விலையோடு அல்ல, சென்ற ஆண்டு இதே மாதத்தோடு. புது மஞ்சள் வரும் பருவத்தையும் இருப்புச் சரக்கு விற்கும் பருவத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. தெலங்கானாவின் நிஜாமாபாத்தையும் மகாராஷ்டிரத்தின் சாங்லியையும் சேர்த்துப் பாருங்கள். வெளியூர் வியாபாரிகள் அந்தச் சந்தைகளையும் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள்.

பல சந்தைகளின் தரவு மொத்தமாக வேண்டுமானால், 2012 முதல் இயங்கும் ஒன்றிய அரசின் திறந்த தரவுத் தளத்தில் அன்றாடச் சந்தை விலைகள் எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாகக் கிடைக்கின்றன.

உங்கள் சந்தையின் விவரம் நாள்கணக்கில் ஏறாமல் கிடந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். “விலை நிலவரம் தருக” என்று பொதுவாகக் கேட்காமல், தேதி, ரகம், வரத்து, மோடல் விலை என்று பிரித்துக் கேளுங்கள்.