கலந்தாய்வு அழைப்புக்குக் காத்திருக்கும் நாட்களைக் கடப்பது எப்படி

நீட் தேர்வு முடிவு வந்த நாளுக்கும் எம்.பி.பி.எஸ். ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வரும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் எல்லா ஆண்டும் ஒரே அளவாக இருப்பதில்லை. 2021 செப்டம்பர் 12 அன்று தேர்வெழுதியவர்கள் 2022 ஜனவரி இறுதி வரை மாநிலக் கலந்தாய்வுக்குக் காத்திருந்தார்கள். 2024-இல் ஜூன் 4 அன்றே முடிவு வெளிவந்தும் கலந்தாய்வு ஆகஸ்டில்தான் தொடங்கியது. ஈரோடு மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தும் ஆசிரியராக, இந்த இடைக்காலத்தில் பிள்ளைகள் படும் பாட்டை ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன். தேர்வுக்கு முந்தைய இரவு நிம்மதியாக உறங்கிய பிள்ளைகள்கூட இந்த வாரங்களில் உறங்காமல் மெலிந்துபோகிறார்கள். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் நான் வழக்கமாகச் சொல்லும் வழிமுறைகளை இங்கே எழுதுகிறேன்.

தாமதம் ஏன் நேர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. மீதி 85 சதவீதத்தை நம் மாநில மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நிரப்புகிறது. இவ்விரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அகில இந்தியச் சுற்றில் இடம் பெற்றவர்கள் மாநிலப் பட்டியலிலிருந்து விலகும்போது அந்தப் பட்டியல் நகர்கிறது. புதிய இடங்களுக்கான அனுமதியோ நீதிமன்ற வழக்கோ குறுக்கிட்டால் தேதி தள்ளிப்போகிறது. இவற்றில் எதுவும் உங்கள் கையிலோ, நீங்கள் கேட்டு நச்சரிக்கும் சீனியர் மாணவரின் கையிலோ இல்லை. தேர்வு மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோதே மதிப்பெண்ணுக்காக நீங்கள் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது.

சென்ற ஆண்டின் கட்-ஆஃப் மதிப்பெண்ணை வைத்துக் கணக்குப் போடுவதை அடியோடு விட்டுவிடுங்கள். 2024-இல் திருத்தப்பட்ட முடிவிலும் 17 பேர் 720-க்கு 720 எடுத்திருந்தார்கள். வினாத்தாள் கடினமாக அமைந்த 2025-இல் நாட்டின் முதலிடமே 686 தான். முந்தைய ஆண்டின் மதிப்பெண்ணோடு தன்னுடையதை ஒப்பிட்டு, எல்லாம் போயிற்று என்று 2025 ஜூனில் அழுத பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் தரவரிசை எண்ணை ஒப்பிடுங்கள். அதிலும் பொதுத் தரவரிசையோடு, உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கான வகுப்புவாரித் தரவரிசையையும் சேர்த்துப் பாருங்கள். தேர்வுக் குழுவின் பட்டியல் வெளிவரும்வரை அந்த எண்ணும் உறுதியாகத் தெரியாது என்பதால், அதுவரை ஒப்பீட்டை ஒத்திவைப்பதே நல்லது.

அடுத்து, பார்க்கும் நேரத்தை வரையறுத்துக்கொள்ளுங்கள். என் மாணவி ஒருத்தி வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை என்று கிணற்றுமேட்டில் போய் உட்கார்ந்து, தேர்வுக் குழுவின் இணையதளத்தைக் கட்டைவிரலால் கீழே இழுத்து இழுத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்ததை நேரில் கண்டேன். மோட்டார் ஓடி முடித்து, தொட்டி நிரம்பி, தண்ணீர் வழிந்து தென்னம்பாத்திக்குள் போவதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அவளுடைய அண்ணனிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்னேன்: காலை பத்து மணிக்கு ஒரு முறை, மாலை ஆறு மணிக்கு ஒரு முறை அவர் பார்ப்பார், செய்தி இருந்தால் சொல்வார், இல்லாவிட்டால் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார். அறிவிப்புக்கும் கடைசித் தேதிக்கும் இடையே பொதுவாகச் சில நாட்கள் இருப்பதால் இரண்டு முறை பார்ப்பதே போதும். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வலம்வரும் தேதிகளை, அதிகாரபூர்வ இணையதளத்தில் அதே அறிவிப்பைக் காணும்வரை நம்ப வேண்டாம். அத்தகைய குழுக்களிலிருந்து இந்த இரண்டு மாதம் விலகியிருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கைக்கு வேலை வேண்டும், அந்த வேலை பயனுள்ளதாகவும் இருக்க வேண்டும் என்றால் சான்றிதழ்களை எடுத்து உட்காருங்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், நீட் நுழைவுச் சீட்டு, மதிப்பெண் அட்டை, சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், தேவைப்படுவோருக்கு வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகிய அனைத்தையும் பாயில் பரப்பி வைத்து, பெயரையும் இனிஷியலையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். என் அக்கா மகளுடைய சான்றிதழ்களில் தகப்பனார் பெயர் ஒன்றில் குப்புசாமி என்றும் மற்றொன்றில் குப்புச்சாமி என்றும் இருந்ததை நாங்கள் விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடித்தோம். இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று அந்த ஒரு ஒற்றெழுத்துக்காக அலைந்த ஐந்து நாட்களை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. ஜூனிலேயே பார்த்திருந்தால் அது ஒரு சிறு வேலையாக முடிந்திருக்கும்.

கல்லூரிகளின் விருப்ப வரிசையையும் இப்போதே வகுத்துவிடலாம். பழைய தினசரி காலண்டர் தாள்களைக் கிழித்து, ஒரு தாளுக்கு ஒரு கல்லூரி என்று எழுதிக் கட்டிலில் அடுக்குங்கள். 1966-இல் தொடங்கிய கோவை மருத்துவக் கல்லூரி, பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி, சேலம் மோகன் குமாரமங்கலம் கல்லூரி, கரூர், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் நம் பக்கத்தைச் சேர்ந்த நாமக்கல், திருப்பூர், நீலகிரி என்று கொங்கு வட்டாரத்துக்குள்ளேயே எத்தனையோ தாள்கள் சேரும். அவற்றோடு சென்னை, மதுரை, தஞ்சாவூர்க் கல்லூரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் கூட்டம், விடுதி வசதி, பெரியவர்களின் உடல்நிலை ஆகியவற்றை வீட்டோடு பேசித் தாள்களை மேலும் கீழுமாக மாற்றி வையுங்கள். நமக்குக் கிடைக்கக்கூடியது எது என்று ஊகித்து அதை முதலில் வைப்பவர்கள் பலர், அது தவறு. தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலில் மேலிருந்து கீழாகத்தான் காலியிடம் தேடப்படுகிறது. கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதியதற்காகக் கீழே உள்ளது கைநழுவிப் போகாது. ஆகவே உண்மையான ஆசையின் வரிசையிலேயே எழுதுங்கள். அடுத்த சுற்றில் மேம்பட்ட இடத்துக்கு மாறும் விதிகளை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் வரிவிடாமல் படித்துவிடுங்கள்.

உறவினர்களின் கேள்விகள் ஆடி மாதத்தில் உச்சத்தை அடையும். ஆடிப்பெருக்குக்குப் பவானி கூடுதுறைக்குப் போனாலும், அந்தியூர் குருநாதசாமி கோயில் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) போனாலும் "ஏங்கண்ணு, டாக்டர் சீட்டு வந்துருச்சா?" என்று அமுச்சியிலிருந்து (அம்மாவின் அம்மா) பந்தல்காரர் வரை கேட்பார்கள். அன்பினால்தான் கேட்கிறார்கள், ஆனாலும் இருபதாவது முறை கேட்கும்போது பிள்ளையின் முகம் சுருங்கிப்போகிறது. "பட்டியல் வந்ததும் நானே வந்து சொல்றனுங்க அமுச்சி" என்ற ஒரே பதிலை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். பெற்றோர் இன்னும் ஒரு படி மேலே போய், கேள்வி பிள்ளையை அடையும் முன்பே தாங்கள் பதில் சொல்லிவிட வேண்டும். இரவில் பிள்ளை உறங்கிவிட்டதாக எண்ணிக்கொண்டு காட்டை (விளைநிலத்தை) விற்பதைப் பற்றியும் நகையை அடகு வைப்பதைப் பற்றியும் தாழ்ந்த குரலில் பேசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பேச்சு அத்தனையும் பிள்ளையின் காதில் விழுகிறது என்பதை என்னிடம் வந்து கண்கலங்கியவர்களின் வாயால் அறிந்திருக்கிறேன்.

பணத்தையும் மாற்று வழியையும் ஒரே நாளில், பகலில், பிள்ளையை உடன் வைத்துக்கொண்டு பேசி ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அரசு இடம் வந்தால் என்ன, தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு வந்தால் எவ்வளவு வரை முடியும், எதுவும் வராவிட்டால் என்ன என்ற மூன்று வரிகள் போதும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெறுவோருக்குக் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்பதால் அவர்கள் கட்டணத்தை எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. நாமக்கல், உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மாநில இடங்களுக்கும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும், செவிலியர், மருந்தியல் படிப்புகளுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. அவற்றின் விண்ணப்பத் தேதிகள் இதே காத்திருப்புக் காலத்தில் வந்து போய்விடுவதால் தவறாமல் விண்ணப்பித்து வையுங்கள். விண்ணப்பித்ததனால் மருத்துவக் கனவைக் கைவிட்டதாக ஆகாது. மீண்டும் நீட் எழுதுவதற்கு இத்தனை முறைதான் என்ற வரம்பு இல்லை. ஆகவே பதற்றத்தில் ஜூனிலேயே பயிற்சி மையத்துக்கு ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டாம். அவ்வாறு கட்டிய ஒரு குடும்பத்துக்கு ஆகஸ்டில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டிய பணம் திரும்பி வரவே இல்லை. முன்பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீடும் தேர்வுக் குழுவின் கலந்தாய்வு வழியாகவே நிரப்பப்படுகிறது.

உடல் உழைப்பு இந்த நாட்களில் மருந்தைப் போல வேலை செய்கிறது. ஒரு மாணவன் தகப்பனாரின் தறிப்பட்டறையில் தினமும் மூன்று மணி நேரம் தார் (நெசவுக்கான ஊடை நூல்) சுற்றிக் கொடுத்தான். நூல் அறுந்தால் உடனே பார்த்துக் கட்ட வேண்டியிருப்பதால் மனம் வேறெங்கும் போகவில்லை என்றான். ஆனால் பல நாட்கள் உறக்கமின்றி, சோறு இறங்காமல், யாரோடும் பேசாமல், தன்னால் வீட்டுக்குப் பாரம் என்று ஒரு பிள்ளை சொல்லத் தொடங்கினால் வேலை கொடுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், தனியாக விடாதீர்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ 104 என்ற மாநில மருத்துவ உதவி எண்ணையோ அழையுங்கள். இரண்டிலும் தமிழில் பேசலாம்.

கலந்தாய்வு இணையவழி என்றால் விருப்பப் பட்டியலைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே பதிவேற்றி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டினரை அண்மை ஆண்டுகளில் சென்னைக்கு நேரில் அழைத்திருக்கிறார்கள். அழைப்பு வந்தவுடன் ஈரோட்டிலிருந்து இரவில் புறப்படும் ஏற்காடு எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்யுங்கள். அசல் சான்றிதழ்கள் ஒரு பையிலும் நகல்கள் மற்றொரு பையிலும் இருக்கட்டும்; அசல் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பிள்ளையைப் படுக்கச் சொல்லுங்கள், உடன் செல்லும் பெரியவர் விழித்திருந்து சென்னை வந்ததும் எழுப்பட்டும்.