எலெக்ட்ரிக் ஓவனுக்கு எந்த வயர், எத்தனை ஆம்பியர் எம்.சி.பி.?

ஓவன் போட்டால் எம்.சி.பி. (கரன்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுகிறது என்றதும், 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு எம்.சி.பி. விழாது, சுவருக்குள் வயர் கருகும். எம்.சி.பி. இருப்பதே அந்த வயரைக் காப்பாற்றத்தான். ஓவன் இழுக்கும் ஆம்பியரைவிட எம்.சி.பி. குறையக் கூடாது, வயர் தாங்கும் ஆம்பியரைவிடக் கூடக் கூடாது. மொத்தக் கணக்கும் இதற்குள் அடங்கும்.

வீட்டிலேயே கேக் செய்து விற்பவர்கள் வாங்கும் சிறிய ஓவன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்பக்கத் தகட்டில் 230 வோல்ட், 3200 வாட்ஸ் என்று இருக்கிறது. 3200-ஐ 230-ஆல் வகுத்தால் 13.9 ஆம்பியர். இரவில் லோடு குறைந்து வோல்டேஜ் 250-க்கு ஏறினால், ஓவனைச் சூடாக்கும் அதே காயில் 15.1 ஆம்பியர் இழுக்கும். ஆகவே 16 ஆம்பியர் எம்.சி.பி. சரி, 10 ஆம்பியர் நிற்காது. காயிலுக்கு மோட்டார் மாதிரி ஸ்டார்ட்டிங் கரன்ட் கிடையாது என்பதால் 'பி' டைப்பே (திடீரென எகிறும் கரன்டுக்குச் சீக்கிரம் விழும் வகை) போதும்.

இனி வயர். சாதாரண பி.வி.சி. காப்பர் வயர் ஒரு ஜோடி மட்டும் பைப்புக்குள் போனால், 40 டிகிரி வெப்பத்தில் தாங்கும் அளவு சுமாராக இப்படி: 1.5 ஸ்கொயர் எம்எம் 13 ஆம்பியர், 2.5 என்றால் 18, 4 என்றால் 24, 6 என்றால் 31. வாங்கும் வயரின் கம்பெனி அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது 'பைப்புக்குள்' என்ற பத்தியைப் பாருங்கள். பக்கத்தில் 'வெளியில் கிளிப் அடித்தது' என்று கூடுதல் எண் போட்டிருப்பார்கள், அது உங்களுக்கு இல்லை.

18 ஆம்பியர் தாங்கும் 2.5 வயருக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. பொருந்துகிறதே என்று தோன்றும். தனிப் பைப்பில் போனால் பொருந்தும். ஆனால் நம் வீடுகளில் ஒரே பைப்பில் ஃப்ரிட்ஜ் லைன், கிரைண்டர் லைன் எல்லாம் சேர்ந்து போகும். இரண்டு லைன் சேர்ந்தால் தாங்கும் அளவை 0.8-ஆல் பெருக்க வேண்டும். 18 என்பது 14.4 ஆகிவிடும், 16 ஆம்பியர் எம்.சி.பி.க்குக் கீழே போய்விட்டது. மொட்டை மாடித் தளத்துக்குள் பைப் ஓடினால் சித்திரை வெயிலில் இன்னும் குறையும். 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் 24 × 0.8 = 19.2, பத்திரமான இடம். மணிக்கணக்கில் ஓடும் ஓவனுக்கு 4 போடுவதே நல்லது. வயரில் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

எம்.சி.பி. தன் மேல் எழுதியிருக்கும் ஆம்பியரைத் தாண்டிய கணமே விழுந்துவிடாது. 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்கும்படிதான் செய்கிறார்கள், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 20 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக 22.6 ஆம்பியரை விட்டுக்கொண்டிருக்கும். பின்னால் இருப்பது 18 ஆம்பியர் வயர் என்றால், அவ்வளவு நேரமும் வெந்துகொண்டிருப்பது வயர்.

பழைய வீட்டுக் கட்டை ஃபியூஸ் (பீங்கான் கட்டையில் ஃபியூஸ் கம்பி கட்டுவது) இதைவிட மோசம். 15 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி ஏறக்குறைய இரண்டு மடங்கு கரன்டில்தான் உருகும். அதனால் அதற்குப் பின்னால் வரும் வயர் 15-ஐ 0.725-ஆல் வகுத்த அளவு, அதாவது 20.7 ஆம்பியர் தாங்க வேண்டும். 2.5 போதாது. ஓவனுக்கு லைன் இழுக்கும்போதே கட்டையை எடுத்துவிட்டு எம்.சி.பி. வைத்துவிடுங்கள்.

சமையலறையில் ஏற்கெனவே இருக்கும் 16 ஆம்பியர் பாயின்ட்டில் சொருகலாமா? பின்னால் வருவது என்ன வயர் என்று திறந்து பார்க்காமல் கூடாது. பழைய 1/18 வயர் (18-ஆம் நம்பர் கம்பி ஒன்று) 1.2 ஸ்கொயர் எம்எம் கூட வராது. 3/20 (20-ஆம் நம்பர் கம்பி மூன்று) சுமார் 2 வரும். டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு எம்.சி.பி.க்கள் இருக்கும் பெட்டி) ஓவனுக்கென்று தனி லைன் வேண்டும். கடையில் வயர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். முனையைச் சீவி இழைகளை எண்ணியும் பார்க்கலாம்: 0.3 எம்எம் இழை என்றால் 2.5-க்கு 36, 4-க்கு 56 இருக்கும்.

மெயினை இறக்கி, மூன்று முனையிலும் கரன்ட் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். வயர்மேன் சான்றிதழ் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை இது.

நிறைய பேர் கோட்டை விடுவது கனெக்ஷனில். 56 இழையும் சாக்கெட் ஓட்டைக்குள் நுழையவில்லை என்று பத்துப் பதினைந்தை வெட்டிவிட்டு முறுக்குகிறார்கள். அந்த ஓர் அங்குலத்தில் வயர் 3 ஸ்கொயர் எம்எம் ஆகிவிடுகிறது, ஸ்க்ரூவும் நாளடைவில் தளரும். லூஸ் கனெக்ஷன் சூட்டை எம்.சி.பி. கண்டுபிடிக்காது, ஏனென்றால் கரன்ட் கூடவில்லை. பின் லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் குழல்) போட்டு, அழுத்திக் கிரிம்ப் செய்து, 32 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்சில் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது) நேராகக் கொடுப்பது நல்லது. அந்த ஸ்விட்சை ஓவனுக்குப் பின்னால் வைக்காமல், கை எட்டும் பக்கச் சுவரில் வையுங்கள். ஓவனின் உள் முனைக்குப் போகும் துண்டு, சிலிக்கான் அல்லது ஃபைபர் கிளாஸ் உறை போட்ட வயராக இருக்கட்டும், பி.வி.சி. 70 டிகிரிக்கு மேல் தாங்காது.

எர்த் வயரும் அதே 4 ஸ்கொயர் எம்எம். முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம். மழைக்காலத்தில் சில மாதம் சும்மா கிடந்த ஓவனைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்தால், காயிலுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் இழுத்திருக்கலாம். காயிலை மெக்கரில் (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) சோதித்து, உலர்த்தி, திரும்பச் சோதிக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்து ஓட்டினால், ஓவனின் தகட்டைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கலாம்.

வேலை முடிந்ததும் முழுச் சூட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டு, ஸ்விட்ச் பிளேட்டையும் டிபி பாக்ஸ் மூடியையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு ஸ்க்ரூக்களைச் சரிபார்க்க வேண்டும். போட்ட உடனே எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட். இருபது, முப்பது நிமிடம் கழித்து விழுந்தால் ஓவர்லோடு, அல்லது எம்.சி.பி. முனையிலேயே லூஸ், கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டுவது) வைத்து ஆம்பியரைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.